ஜான் எரிக்சன், வெப்பத்தைத் துரத்திய கப்பல்காரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எங்கே படித்தாலும் 'மானிட்டர்' என்ற இரும்புக் கப்பல் வரும். அதை வடிவமைத்தவர் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடும். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அந்த மனிதர் 86 வயதை நெருங்கும்வரை படம் வரையும் பலகையை விட்டு எழுந்திருக்காதவர். நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே தேடிப்போன கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த ஜான் எரிக்சன்?

1803 ஜூலை 31 அன்று சுவீடனில், வேர்ம்லாண்ட் பகுதியின் லோங்பான் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். 22 வயதில் பிழைப்புத் தேடி இங்கிலாந்து போனார். 36 வயதில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1848இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார், 1889இல் அந்த ஊரிலேயே இறந்தார். ரயில் எஞ்சின், தீயணைப்பு எஞ்சின், கப்பல் ப்ரொப்பல்லர், சூட்டுக்காற்று எஞ்சின், இரும்புப் போர்க்கப்பல், சூரிய எஞ்சின் என்று அவர் கை வைத்த துறைகள் நிறைய. உலகம் அவரைக் கப்பல்காரராகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் 20 வயதிலும் 80 வயதிலும் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: வெப்பத்தை வீணாக்காமல் வேலையாக மாற்றுவது எப்படி?

செல்ஃபோன் கருவிகள் செய்யும் எரிக்சன் கம்பெனி இவருடையதா?

இல்லை. அதைத் தொடங்கியவர் லார்ஸ் மேக்னஸ் எரிக்சன், வருடம் 1876. அவரும் வேர்ம்லாண்ட்காரர்தான், அதனால்தான் இந்தக் குழப்பம். இருவரும் உறவினர்கள் இல்லை.

என்ன படித்தார்?

கல்லூரிப் படிப்பு கிடையாது. அப்பா ஊலோஃப் சுரங்கத்தில் மேற்பார்வையாளர். பணத்தைத் தொழிலில் போட்டு இழந்துவிட்டு, 1810இல் குடும்பத்தோடு ஃபோர்ஸ்விக் என்ற ஊருக்குப் பெயர்ந்தார். சுவீடனைக் குறுக்கே வெட்டிச் செல்லும் யோத்தா கால்வாய் அப்போதுதான் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. பாறைக்கு வெடி வைக்கும் பணிக்கு அப்பா பொறுப்பாளர். கால்வாய்த் திட்டத்தின் தலைவர் பால்ட்சர் ஃபோன் ப்ளாட்டன், அண்ணன் நில்ஸ், தம்பி ஜான் இருவருடைய திறமையையும் கவனித்து, கடற்படையின் பொறியியல் பிரிவில் பயிற்சியாளர்களாகச் சேர்த்துவிட்டார்.

14 வயதில் ஜான் கால்வாயின் ஒரு பகுதிக்கு நில அளவை செய்துகொண்டிருந்தான். அளவைக் கருவியின் கண்ணாடி அவன் உயரத்துக்கு எட்டாது. அதனால் ஒரு சின்ன முக்காலியையும் கூடவே எடுத்துப்போய், அதன்மேல் ஏறி நின்று பார்ப்பான். அவன் பின்னால் இருந்து வேலை செய்தவர்கள் நூற்றுக்கணக்கான படைவீரர்கள். அவனுடைய பள்ளிக்கூடம் அதுதான்.

சுவீடனை விட்டு ஏன் போனார்?

17 வயதில் ராணுவத்தில் சேர்ந்து, வடக்கே யெம்ட்லாண்ட் பகுதியில் நிலப்படம் வரைந்தார். அங்கே இருக்கும்போதே, நீராவி இல்லாமல் நெருப்பின் சூட்டாலேயே நேராக ஓடும் ஒரு எஞ்சினைச் செய்து பார்த்தார். அது ஓடியது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் பணமும் பேரும் கிடைக்கும் என்று நம்பி, விடுப்பு எடுத்துக்கொண்டு 1826இல் கிளம்பினார்.

லண்டனில் அது காலை வாரியது. ஊரில் அவர் எரித்தது பிர்ச் மரத்து விறகு. இங்கிலாந்தில் கிடைத்தது நிலக்கரி. நிலக்கரியின் சூடு வேறு மாதிரி, எஞ்சின் தாங்கவில்லை. விடுப்பு முடிந்தும் ஊர் திரும்பாததால் ராணுவத்தில் சிக்கலானது. பட்டத்து இளவரசர் ஆஸ்கர் தலையிட்டு, கேப்டன் பதவி உயர்வோடு கௌரவமாக விலக வழி செய்தார். கடைசிவரை ஊரெல்லாம் அவரை 'கேப்டன் எரிக்சன்' என்று அழைத்தது அதனால்தான். கப்பல் கேப்டன் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

ஸ்டீவன்சனின் 'ராக்கெட்' ரயில் எஞ்சினோடு போட்டி போட்டவர் இவரா?

இவரேதான். 1829 அக்டோபரில், லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதைக்கு எஞ்சின் தேர்ந்தெடுக்க ரெயின்ஹில் என்ற இடத்தில் போட்டி நடந்தது. பரிசு 500 பவுண்டு. எரிக்சனுக்குப் போட்டிச் செய்தியே தாமதமாகத்தான் தெரிந்தது. கூட்டாளி ஜான் பிரெய்த்வெயிட்டோடு சேர்ந்து ஏழு வாரத்தில் 'நாவல்டி' என்ற எஞ்சினைக் கட்டி முடித்தார். ஓட்டிப் பார்க்க லண்டனில் தண்டவாளமே இல்லை. நேரே போட்டிக்குத்தான் போனது.

முதல் நாள் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. கூட்டம் அதன் பக்கம்தான். அப்புறம் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கோளாறு செய்ய, விலக வேண்டியதாயிற்று. ராக்கெட் ஜெயித்தது நியாயம்தான் என்பது என் கருத்து. கொடுத்த தூரத்தை முழுக்க ஓடி முடித்தது அது ஒன்றுதான். ஆனாலும் ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் விடமாட்டேன் என்கிறது.

அதே காலத்தில் இருவரும் நீராவியால் தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்பு எஞ்சினையும் செய்தார்கள். 1830இல் லண்டனின் ஆர்கைல் ரூம்ஸ் கட்டடம் எரிந்தபோது, கடும் குளிரில் கைப்பம்புகள் உறைந்து நின்றன, இவர்களுடைய எஞ்சின் மட்டும் மணிக்கணக்கில் ஓடியது. இவ்வளவு செய்தும் லண்டனில் கடன் அடைக்க முடியாமல் சிறைக்குப் போக நேர்ந்தது.

ப்ரொப்பல்லரைக் கண்டுபிடித்தவர் எரிக்சன் என்று சொல்லலாமா?

'கண்டுபிடித்தவர்களில் ஒருவர்' என்று சொல்வதுதான் சரி. திருகுபோலச் சுழன்று தண்ணீரைத் தள்ளும் கருவியைப் பலர் முயன்றிருக்கிறார்கள். 1836 மே மாதம் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கினார், ஆறு வாரம் கழித்து ஜூலையில் எரிக்சன் வாங்கினார். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்யவில்லை.

அன்றைய நீராவிக் கப்பல்களில் இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் இருக்கும். போர்க்கப்பலுக்கு அது பெரிய தொல்லை. சக்கரத்தில் ஒரு குண்டு பட்டால் கப்பல் நொண்டியாகிவிடும். எஞ்சினும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி நிற்கும். ப்ரொப்பல்லர் வந்தால் எஞ்சினை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடலாம். எரிக்சன் பார்த்தது இதைத்தான்.

1837இல் 'பிரான்சிஸ் பி. ஆக்டன்' என்று ஒரு சின்னப் படகைக் கட்டி, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் உட்கார்ந்திருந்த ஓடத்தைத் தேம்ஸ் நதியில் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் இழுத்துக் காட்டினார். அவர்கள் இறங்கிப் போனார்கள், ஆர்டர் வரவில்லை. பின்புறத்தில் விசை கொடுத்தால் கப்பலைத் திருப்பவே முடியாது என்பது கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளரின் எண்ணம். அவர்கள் ஏறிவந்த ஓடத்தையே அந்தப் படகு இழுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தது!

காசிமேட்டில் பழுது பார்க்கக் கரையேற்றி வைத்திருக்கும் விசைப்படகு ஒன்றின் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். சுக்கானை ஒட்டி, விளிம்பு தேய்ந்து மஞ்சளாக மினுக்கும் மூன்று நான்கு இதழ்கள். நடுக் குமிழில் சிப்பி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு இதழும் லேசாக முறுக்கியிருக்கும், அந்த முறுக்கில்தான் விஷயமே. எரிக்சனின் முதல் வடிவம் இப்படி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு வளையங்கள், அவற்றில் வரிசையாகத் தகடுகள். அந்த வடிவம் போய்விட்டது, யோசனை நின்றுவிட்டது.

அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்? 'பிரின்ஸ்டன்' விபத்து என்ன?

பிரிட்டன் கைவிட்ட அந்தப் படகைப் பார்த்துச் சட்டென்று புரிந்துகொண்டவர் ராபர்ட் ஸ்டாக்டன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவர் அழைப்பை நம்பி 1839இல் எரிக்சன் கப்பல் ஏறினார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'பிரின்ஸ்டன்' 1843இல் ஃபிலடெல்ஃபியாவில் நீரில் இறங்கியது. ப்ரொப்பல்லரில் ஓடிய முதல் அமெரிக்க நீராவிப் போர்க்கப்பல் அதுதான். எஞ்சின் முழுக்க நீர்மட்டத்துக்குக் கீழே.

புகழைப் பங்கு போடும் நேரம் வந்ததும் உறவு கெட்டது. 1844இல் கப்பல் வாஷிங்டனுக்குக் கிளம்பியபோது எரிக்சனை வழியில் ஏற்றிக்கொள்வதாக ஸ்டாக்டன் சொல்லியிருந்தார். எரிக்சன் வால் ஸ்ட்ரீட் முனையில் உள்ள படகுத்துறையில் காத்து நின்றார். தான் வரைந்த கப்பல் கண்ணெதிரே வந்தது, நிற்காமல் போய்விட்டது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அந்தக் கப்பலில் 12 அங்குல வாய் கொண்ட இரண்டு பீரங்கிகள் இருந்தன. 'ஆரிகன்' எரிக்சன் வடிவமைத்தது. சோதனையில் அதில் விரிசல் விழுந்ததும், இரும்பு வளையங்களைச் சூடேற்றி மேலே மாட்டி இறுக்கினார். மற்றொன்று ஸ்டாக்டன் செய்வித்த 'பீஸ்மேக்கர்'. வெறுமனே இரும்பைத் தடிப்பாக்கியதோடு சரி, வளையம் கிடையாது. 1844 பிப்ரவரி 28 அன்று பொட்டோமாக் ஆற்றில் விருந்தாளிகள் முன்னால் சுட்டுக்காட்டும்போது பீஸ்மேக்கர் வெடித்துச் சிதறியது. வெளியுறவுச் செயலர் ஏபல் அப்ஷர், கடற்படைச் செயலர் தாமஸ் கில்மர் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அதிபர் ஜான் டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் தப்பினார்.

பழி எரிக்சன் மேலும் விழுந்தது. கப்பலுக்காக அவர் உழைத்த கூலியைக் கடற்படை கொடுக்கவில்லை. பின்னாளில் உரிமைக் கோரிக்கை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்கவில்லை. இது அப்பட்டமான அநியாயம். அவருடைய ஆரிகன் பீரங்கி உடையாமல் இன்றும் அன்னபோலிஸ் கடற்படைக் கல்லூரியில் இருக்கிறது.

சூட்டுக்காற்று எஞ்சின் எப்படி வேலை செய்யும்? அது ஏன் தோற்றது?

காற்றைச் சூடாக்கினால் விரியும், விரிந்து பிஸ்டனைத் தள்ளும். தள்ளி முடித்த காற்றில் இன்னும் நிறையச் சூடு மிச்சமிருக்கும். அதை வெளியே விட்டால் வீண். எரிக்சன் அந்தக் காற்றை நெருக்கமான கம்பிவலை அடுக்குகள் வழியாக வெளியே அனுப்பினார். சூடு வலையில் தங்கிவிடும். அடுத்து உள்ளே வரும் குளிர்ந்த காற்று அதே வலை வழியாக வரும்போது அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். இட்லிப் பானையின் துணி சூட்டைப் பிடித்து வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் 1816லேயே இந்த வழியைக் காட்டியிருந்தார், எரிக்சன் அதைத் தன் வழியில் வளர்த்தார்.

அவர் சறுக்கியதும் இங்கேதான். வெப்பம் என்பது ஒரு பொருள் மாதிரி, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று நம்பினார். எஞ்சின் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் அந்த அளவு வெப்பம் செலவாகியே தீரும் என்று ஜூல் போன்ற இயற்பியலாளர்கள் அந்த ஆண்டுகளில்தான் நிறுவிக்கொண்டிருந்தார்கள். அதை ஏற்க எரிக்சனுக்கு மனம் வரவில்லை.

1853 ஜனவரியில் 'எரிக்சன்' என்ற கப்பலையே சூட்டுக்காற்றில் ஓட்டிக் காட்டினார். நான்கு பெரிய சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 14 அடி விட்டம். அதாவது ஒரு சின்ன வீட்டின் அறையை அப்படியே வட்டமாக்கி பிஸ்டன் வைத்த மாதிரி. ஓடியது, நிலக்கரியும் குறைவாகவே செலவானது, ஆனால் வேகம் வரவில்லை. அவ்வளவு பெரிய எந்திரத்திலிருந்து அவ்வளவு குறைந்த சக்தி. அடுத்த ஆண்டு ஒரு சூறைக்காற்றில் கப்பல் மூழ்கியது. மேலே எடுத்து நீராவிக் கப்பலாக மாற்றிவிட்டார்கள்.

ஆனால் 'தோற்றது' என்று முடித்துவிடுவது தவறு. அவர் அதையே சின்னதாக்கினார். பாய்லர் இல்லாததால் வெடிக்கும் பயம் இல்லை, பக்கத்தில் ஒரு எஞ்சின்காரர் நிற்க வேண்டியதும் இல்லை. அச்சகங்களிலும் பட்டறைகளிலும், மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் வீடுகளிலும் ஆயிரக்கணக்கில் ஓடின. 1862இல் அமெரிக்கக் கலை அறிவியல் கழகம் அவருக்கு ரம்ஃபோர்ட் பரிசு கொடுத்தது இதற்காகத்தான். கைக்கு நிலையாகப் பணம் கொடுத்ததும் இந்தச் சின்ன எஞ்சின்தான்.

'மானிட்டர்' கப்பலை உண்மையிலேயே 100 நாளில் கட்டினாரா?

ஏறத்தாழ. 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், தெற்குத் தரப்பு 'மெரிமேக்' என்ற எரிந்த கப்பலைத் தூக்கி, இரும்புத் தகடு போர்த்தி 'வர்ஜீனியா' என்று மாற்றிக்கொண்டிருந்தது. வடக்குத் தரப்பிடம் ஈடு கொடுக்க எதுவும் இல்லை. கார்னீலியஸ் புஷ்னெல் என்ற தொழிலதிபர், தான் கட்டவிருந்த வேறொரு கப்பலின் கணக்கைச் சரிபார்க்க எரிக்சனிடம் வந்தார். எரிக்சன் கணக்கைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, தூசி படிந்த ஒரு பெட்டியைத் திறந்து அட்டையில் செய்த மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். 1854லேயே அந்த யோசனையை பிரான்சின் மூன்றாம் நெப்போலியனுக்கு அனுப்பியிருந்தார், அங்கே எடுபடவில்லை.

மாதிரியைப் பார்த்த லிங்கனுக்குப் பிடித்துப்போனது. அதிகாரிகள் குழுவோ தயங்கியது. பிரின்ஸ்டன் விவகாரத்துக்குப் பிறகு வாஷிங்டன் பக்கமே போகாத எரிக்சனை, ஏதோ சின்ன விளக்கம் கேட்கிறார்கள் என்று சொல்லி புஷ்னெல் கிளப்பி அனுப்பினார். போய்ப் பார்த்தால் குழு திட்டத்தைத் தள்ளுபடி செய்திருந்தது. கப்பல் கவிழாமல் நிற்குமா என்பதுதான் அவர்கள் சந்தேகம். அங்கேயே நின்று விளக்கி அவர்களைச் சம்மதிக்க வைத்தார்.

ஒப்பந்தம் 1861 அக்டோபர் 4, தொகை 2,75,000 டாலர், கெடு 100 நாள். புரூக்ளினின் கிரீன்பாயின்ட்டில் அக்டோபர் 25 அன்று, அடிமரத்துக்குப் பதிலாக இரும்பை வைத்துக் கட்டத் தொடங்கினார்கள். 1862 ஜனவரி 30 அன்று கப்பல் நீரில் இறங்கியது. இடையில் 97 நாள். பாகங்கள் பல பட்டறைகளில் ஒரே நேரத்தில் தயாராயின. எரிக்சன் இரவெல்லாம் வரைவார், காலையில் படம் பட்டறைக்குப் போகும். நீரில் இறங்கியதும் நேரே அடிக்குப் போய்விடும் என்று பலர் பேசிக்கொண்டார்கள். எரிக்சன் மேல்தளத்தில் ஏறி நின்றபடி அதோடு இறங்கினார்.

சண்டையில் ஜெயித்தது யார்?

1862 மார்ச் 8 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில் வர்ஜீனியா இரண்டு மரக்கப்பல்களை ஒழித்துக்கட்டியது. அன்று இரவு, எரிந்துகொண்டிருந்த ஒன்றின் வெளிச்சத்தில் மானிட்டர் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை நான்கு மணி நேரம் இரண்டும் கிட்டத்தில் நின்று சுட்டுக்கொண்டன. எதுவும் மூழ்கவில்லை. வெற்றி யாருக்கும் இல்லை என்பதே நேர்மையான பதில். வடக்கின் கப்பல்கள் பிழைத்தன, அது போதுமானதாக இருந்தது.

மானிட்டரின் தளம் நீருக்கு மேலே ஒன்றரை அடிதான். மேலே 20 அடி விட்டமும் 9 அடி உயரமும் கொண்ட ஒரு சுழலும் கோபுரம், ஓர் அங்குலத் தகடு எட்டு அடுக்கு, உள்ளே 11 அங்குலப் பீரங்கிகள் இரண்டு. கப்பலைத் திருப்பாமலே பீரங்கியைத் திருப்பலாம். ஆனால் சுற்றத் தொடங்கிய கோபுரத்தைச் சரியான இடத்தில் நிறுத்துவது பெரும்பாடு, அதனால் சுழலும்போதே சுட்டார்கள்.

சுழல்கோபுரத்தை நினைத்த ஒரே ஆள் இவர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் தியோடர் டிம்பி முன்பே காப்புரிமை கோரியிருந்தார், மானிட்டர் கூட்டாளிகள் கோபுரத்துக்கு 5,000 டாலர் வீதம் அவருக்குக் கொடுத்தார்கள். பிரிட்டனில் கூப்பர் கோல்ஸ் தனியாக இதே வழியில் போய்க்கொண்டிருந்தார்.

அந்தக் கப்பல் இப்போது எங்கே?

1862 டிசம்பர் 31 அதிகாலை, வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். 1973இல் கடலடியில் கண்டுபிடித்தார்கள். 2002இல் கோபுரத்தை மேலே தூக்கினார்கள். கவிழ்ந்து கிடந்த அதற்குள் இரண்டு மாலுமிகளின் எலும்புக்கூடுகள் இருந்தன. 2013இல் அந்த இருவரையும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கோபுரம் நியூபோர்ட் நியூஸ் நகரின் மாரினர்ஸ் அருங்காட்சியகத்தில், உப்பு வெளியேற ரசாயனக் கரைசல் தொட்டியில் ஊறுகிறது. குண்டு பட்ட குழிகள் அதன் சுவரில் அப்படியே இருக்கின்றன.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. மானிட்டருக்குப் பிறகு பல நாடுகள் தாழ்ந்த தளமும் சுழல்கோபுரமும் உள்ள கப்பல்களைக் கட்டின. அப்படி 1870இல் பிரிட்டன் கட்டிய 'அபிசீனியா', 'மக்டாலா' இரண்டும் பம்பாய்த் துறைமுகத்துக்குக் காவலாக நின்றன.

சூரிய எஞ்சின் செய்தாராமே?

செய்தார். 60 வயதைத் தாண்டிய பிறகு, தன் சொந்தப் பணத்தில். நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும், அப்போது வெயில் கொட்டும் நாடுகள்தான் உலகுக்குச் சக்தி கொடுக்கும் என்று எழுதினார். 1870களில் வெயிலால் ஓடும் சிறு எஞ்சின்களைக் கட்டினார். 1883இல் 16 அடிக்கு 11 அடி அளவில் வளைந்த தொட்டி மாதிரி ஒரு பிரதிபலிப்பான் செய்து, வெள்ளி பூசிய ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை அதில் பதித்தார். வெயில் முழுக்க நடுவில் உள்ள ஒரு நீள உருளையில் குவியும். இன்றைக்குப் பாலைவனங்களில் நிற்கும் சூரிய வெப்ப மின்நிலையங்களில் இதே வளைந்த தொட்டி வடிவம்தான். என்னைக் கேட்டால் மானிட்டரைவிட இதுதான் பெரிய காரியம்.

குடும்பம்?

அதில் அவருக்குக் கொடுப்பினை குறைவு. சுவீடனில் இருந்தபோது திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் யால்மார், பாட்டியிடம் வளர்ந்து ரயில்வே பொறியாளர் ஆனார். தகப்பனை முதன்முதலாகச் சந்திக்கும்போது மகனுக்கே 50 வயது தாண்டிவிட்டது. 1836இல் லண்டனில் மணந்த அமீலியா நியூயார்க் வந்து பார்த்தார், வேலையே கதி என்று கிடந்த மனிதரோடு வாழ முடியாமல் திரும்பிவிட்டார். 1867இல் அமீலியா இறந்தார். அண்ணன் நில்ஸ் சுவீடனின் முக்கிய ரயில் பாதைகளை அமைத்துப் பெரிய பேர் எடுத்தார்.

எப்படி இறந்தார்? ஊருக்குத் திரும்பினாரா?

உயிரோடு திரும்பவில்லை. கடைசி 25 ஆண்டுகளை பீச் ஸ்ட்ரீட் 36ஆம் எண் வீட்டில் கழித்தார். வாங்கும்போது எதிரே பூங்கா இருந்தது. பிறகு அதை ரயில் கம்பெனி வாங்கிச் சரக்கு நிலையம் கட்டியது. சத்தமும் புகையும் வந்தும் அவர் வீட்டை மாற்றவில்லை. வரைபலகை அங்கேதான் இருந்தது. 1889 மார்ச் 8 அன்று இறந்தார், மானிட்டர் ஹாம்ப்டன் ரோட்ஸுக்கு வந்து சேர்ந்த அதே தேதி. 1890இல் அமெரிக்கக் கடற்படை தன் 'பால்டிமோர்' போர்க்கப்பலில் உடலைச் சுவீடனுக்கு அனுப்பியது. பிறந்த இடத்துக்கு அருகே, வேர்ம்லாண்டின் ஃபிலிப்ஸ்டாட் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். 64 ஆண்டுகளுக்கு முன் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிய நாட்டுக்கு, அவரைக் கொண்டுபோன கப்பல் ப்ரொப்பல்லரில் ஓடியது.